ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் அடிக்கக் கொடுப்பதற்கு முன்

கேட்டிருப்பவர் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய், மசாலாத் தூள் செய்து விற்கும் ஓர் அக்கா. கோயில் திருவிழாக்களிலும் அங்கேயே இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டிலும் விற்றவரைக்கும் கையால் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரே போதுமாக இருந்ததாம். இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் மேனேஜர் ருசி பார்த்துவிட்டு, "பார்கோடோடு முறையான லேபிள் போட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். மூன்று அச்சகங்களில் விலை கேட்டால் ஒன்று மலிவு, ஒன்று இரண்டு மடங்கு, மூன்றாவது 'டை', 'ப்ளேட்' என்று தனித்தனியாகக் காசு போட்டிருக்கிறது. யாரை நம்புவது, என்ன கேட்பது என்பது அவர் கேள்வி.

அக்கா, மூன்று விலையும் நியாயமான விலையாகவே இருக்கலாம். மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் "ஊறுகாய்க்கு லேபிள், ஐந்நூறு" என்று மட்டும் எழுதியிருந்தால், மீதியை அவரவர் இஷ்டத்துக்கு ஊகித்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பார்கள். ஒருவர் சாதாரணத் தாள் என்று நினைத்திருப்பார், இன்னொருவர் பிளாஸ்டிக் என்று நினைத்திருப்பார். அச்சகத்துக்கு லேபிளைப் பற்றி எல்லாம் தெரியும். உங்கள் பாட்டிலைப் பற்றி, அதில் வழியும் எண்ணெயைப் பற்றி, அது ஃபிரிட்ஜில் நிற்குமா ஜன்னலோரம் வெயிலில் நிற்குமா என்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் லேபிள் அச்சு வேலையிலேயே இருப்பவன். கெட்டுப்போய்த் திரும்பி வருகிற லேபிள்களில் மை சரியில்லை, மெஷின் சரியில்லை என்று வருவது குறைவு. பாட்டிலைக் கண்ணாலேயே பார்க்காமல் அடித்தது என்பதுதான் அதிகம்.

அதனால் முதல் வேலை, காலி பாட்டில் ஒன்றும், ஊறுகாய் நிரப்பி மூடி போட்ட பாட்டில் ஒன்றும் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மின்னஞ்சலில் அளவு மட்டும் அனுப்பினால் போதாது. பாட்டிலின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் தோளுக்குப் பக்கத்தில் வளைந்திருக்கும். லேபிளின் மேல் ஓரம் அந்த வளைவில் ஏறினால் இரண்டு நாளில் தூக்கிக்கொள்ளும். தோளுக்கும் அடிவளைவுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுத்தான் லேபிள் நிற்க வேண்டும். சுற்றளவுக்கு ஒரு தாள் பட்டையைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து ஸ்கேலில் அளந்து பாருங்கள். 72 மி.மீ. விட்டமுள்ள பாட்டில் என்றால் சுற்றளவு சுமார் 226 மி.மீ. வரும். முழுக்கச் சுற்றும் லேபிள் வேண்டுமானால் 218, 220 என்று சொல்லி ஓர் இடைவெளி விடுங்கள். கையால் ஒட்டும்போது கொஞ்சம் சாய்ந்தால்கூட அசிங்கமாகத் தெரியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவர் பார்க்கவும் ஒரு சந்து கிடைக்கும். ஊறுகாயை அந்தச் சந்தில்தான் பார்த்து வாங்குகிறார்கள்.

தயிர் டப்பா மாதிரி கீழே ஒடுங்கி மேலே விரியும் பிளாஸ்டிக் டப்பாவில் போடுகிறீர்களா? அப்படியானால் நேரான செவ்வக லேபிளில் சுருக்கம் விழும். வில் போல் வளைந்த லேபிள் வெட்ட வேண்டும். அதற்குத் தனி டை. டை என்பது லேபிளை வெட்டும் அச்சு. ஒவ்வொரு அச்சகத்திடமும் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான டைகள் இருக்கும். "உங்களிடம் இருக்கிற டை பட்டியலில் என் அளவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். 220 நீளத்துக்கு 70 உயரம் இல்லை, 215-க்கு 70 இருக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டைக்காசு முழுக்க மிச்சம். லேசர் வெட்டும், கம்ப்யூட்டர் கத்தி வெட்டும் வைத்திருக்கும் டிஜிட்டல் அச்சகங்களில் டையே தேவைப்படாது. உங்களுக்கு வந்த மூன்றாவது கோட்டேஷனில் டை தனியாக இருந்ததன் காரணம், உங்கள் அளவுக்கு அவர்களிடம் டை இல்லாததாகத்தான் இருக்கும்.

இனி லேபிள் எதில் அடிப்பது என்பது. ஊறுகாய்க்கு இதுதான் உயிர்நாடி. தாள் லேபிள் மலிவு, கையில் எடுத்தால் நன்றாகவும் இருக்கும். ஆனால் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கரண்டி போட்டு எடுத்த முதல் நாளே வாயோரம் எண்ணெய் வழியும். தாள் அதைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். அதில் மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் சேர்ந்தால் உங்கள் பெயர் அந்தக் கறைக்குள் போய்விடும். மேலே வார்னிஷ் அடித்தாலும் வெட்டிய ஓரம் திறந்தேதான் இருக்கும், எண்ணெய் அந்த வழியாக உள்ளே போகும். அதனால் ஊறுகாய்க்கு வெள்ளை பாலிப்ராப்பிலீன் கேளுங்கள். வேலையில் எல்லாரும் பி.பி. என்றுதான் சொல்வார்கள். அதன்மேல் லாமினேஷன், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் படலம், பளபளப்போ மங்கலோ உங்கள் விருப்பம். மங்கல் பார்க்க உயர்வாக இருக்கும், ஆனால் எண்ணெய்க் கைரேகை அதில்தான் அதிகம் தெரியும். ஊறுகாய்க்கு நான் பளபளப்பையே சொல்வேன்.

மசாலாத் தூள் பைக்கு நிலைமை வேறு. பை மடங்கும், கசங்கும். தாள் லேபிள் அங்கே மடிப்பு மடிப்பாக வெடிக்கும், கெட்டியான பிளாஸ்டிக் லேபிளும் ஓரம் தூக்கும். மெல்லிய, வளைந்து கொடுக்கும் வகை கேளுங்கள். இன்னொன்று, தூள் நிரப்பிய பிறகு பையில் ஒட்டாதீர்கள். காலிப் பையை மேசையில் தட்டையாக வைத்து லேபிளை ஒட்டி, அப்புறம் நிரப்பி மூடுங்கள். சுருக்கமே விழாது.

பசையையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் 'பெர்மனன்ட்' பசைதான் கொடுப்பார்கள், அது கண்ணாடிக்குச் சரி. ஆனால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்து ஒட்டுவீர்கள் என்றால், அல்லது வாங்குபவர் ஃப்ரீசரில் வைக்கும் பொருள் என்றால், அதை முன்னாலேயே சொல்லுங்கள். அதற்கென்று வேறு பசை இருக்கிறது. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்த அரை நிமிஷத்தில் வேர்த்துவிடும். வேர்த்த கண்ணாடியில் சாதாரணப் பசை பிடிக்காது. சூடாக நிரப்பிய பாட்டிலிலும் அப்படியே, ஆறி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, வெளியே எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒட்டுங்கள். ஒட்டிய உடனே உரித்துப் பார்த்துவிட்டு "பசை சரியில்லை" என்று சண்டைக்குப் போக வேண்டாம். பசை முழுப்பிடி பிடிக்க ஒரு நாளாவது ஆகும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்குக் கோயில் மஞ்சளும் குங்குமச் சிவப்பும்தான் பிடிக்கும். அந்த இரண்டும்தான் வெயிலில் முதலில் வெளிறும். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்துக்குத் தாங்காதவை, நீலமும் கறுப்பும் நின்று பிடிக்கும். கடை ஜன்னலோரம் சில மாதம் நின்ற பாட்டிலில் சிவப்பு போய் ஒரு மாதிரி நீலம் பாய்ந்த லேபிள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தைத் தாங்கும் மை உண்டா, லாமினேஷனில் அதற்கான தடுப்பு உண்டா என்று கேளுங்கள். அப்புறம், கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிற ஆரஞ்சு வேறு, அச்சில் வருகிற ஆரஞ்சு வேறு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையைக் கலந்து காட்டுகிறது. பளீரென்ற ஆரஞ்சும் இலைப் பச்சையும் அந்த நாலில் வராது. கட்டாயம் வேண்டுமென்றால் தனி மை சேர்க்க வேண்டும், அதற்குத் தனிக் காசு.

சரி, எழுத்துக்கு வருவோம். டிசைன்காரரிடம் போகும் முன்பே லேபிளில் வர வேண்டிய சொற்களை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மயில், மாவிலை, தங்கக் கரை எல்லாம் வரைந்து முடித்த பிறகு, சட்டம் கேட்கிற சொற்களுக்கு இடமில்லாமல் எறும்பு எழுத்தில் திணிக்கிறார்கள்.

இங்கே உணவு லேபிளுக்கான விதிகள், 1972-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் உணவுப் பொருள் சட்டத்தின் கீழ் 2010 மார்ச்சில் வந்த ஆர் 146. அதன்படி பொருளின் பெயர், சேர்மானப் பட்டியல், செய்பவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுப் பொருள், எப்படிப் பாதுகாக்க வேண்டும், பேட்ச் எண் (எந்தத் தடவை செய்தது என்று காட்டும் எண்), கெடு தேதி இவையெல்லாம் வேண்டும். எடை தனிச் சட்டம், அளவைச் சட்டம். பட்டியலில் எது அதிக எடையோ அது முதலில், அப்படியே இறங்குவரிசை. மாங்காய், எண்ணெய், உப்பு, மிளகாய் என்று போகும். எண்ணெயை வெறும் 'வெஜிடபிள் ஆயில்' என்று போடாமல் எந்த விதை எண்ணெய் என்று எழுதுங்கள், சூரியகாந்தி என்றால் சூரியகாந்தி. மசாலாவுக்கு மஞ்சள் நிறம் கூட்ட டார்ட்ரசீன் சேர்ப்பவராக இருந்தால் அதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும், 'நிறமூட்டி' என்று மறைக்க முடியாது. எழுத்தின் உயரம், ஆங்கிலச் சிறிய எழுத்தில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சாதாரண எழுத்துருவில் அது ஏறக்குறைய ஆறு பாயின்ட். நான் ஏழு பாயின்ட் கேட்பேன். எடையை எழுதும்போது எண், ஓர் இடைவெளி, சிறிய ஆங்கில 'ஜி', அவ்வளவுதான். 'ஜிஎம்எஸ்' என்று நீட்டுவது பழைய பழக்கம், அது தப்பு.

ஒவ்வாமை அறிவிப்பில் நம் சமையல்காரர்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது. பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவு இருக்கும், பிசின் கட்டியாகாமல் இருக்கக் கலப்பது. நீங்கள் ஊறுகாயில் ஒரு சிட்டிகை போட்டாலும் உங்கள் பாட்டிலில் கோதுமை இருக்கிறது என்று ஆகிவிடும், அதைச் சொல்ல வேண்டும். கோதுமை இல்லாத பெருங்காயமும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று முடிவு செய்த பிறகே லேபிளை அடியுங்கள். மசாலா அரைக்கும் அதே மெஷினில் நிலக்கடலை அரைப்பீர்களானால் அதையும் யோசிக்க வேண்டும்.

நாட்டுப் பெயரிலும் கவனம். மாங்காய் இங்கே விளைந்து, இங்கேயே செய்தது என்றால் 'ப்ராடக்ட் ஆஃப் சவுத் ஆஃப்ரிகா' சரி. இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த் தூளை மூட்டையில் வாங்கிப் பிரித்துப் பையில் போடுகிறீர்கள் என்றால் அந்தச் சொல் பொருந்தாது, இங்கே 'பேக்' செய்தது என்றுதான் போட முடியும். 'ஹெல்தி' என்ற சொல்லை லேபிளில் வைக்கவே வைக்காதீர்கள், விதி அதைத் தடுக்கிறது. மஞ்சள் சர்க்கரை வியாதிக்கு நல்லது, பூண்டு இதயத்துக்கு நல்லது என்று பாட்டி சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், பாட்டிலில் எழுதக்கூடாது. சத்து அட்டவணை, நீங்கள் சத்தைப் பற்றி ஒன்றும் பெருமை பேசாதவரைக்கும் இந்த விதியில் கட்டாயமில்லை. 'கொழுப்பு குறைவு' என்று ஒரு வரி போட்டால் ஆய்வகச் செலவை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். ஆர் 146-க்குப் பதிலாகப் புதிய விதிகளின் வரைவு ஒன்று 2023-ல் வெளியாகியிருக்கிறது. ஆகவே மலிவாக வருகிறதே என்று மூன்று வருஷத்துக்கான லேபிளை இன்று அடித்து வைக்காதீர்கள்.

கடைக்காரர் லேபிளோடு நகராட்சி சுகாதாரத் துறையின் 'சர்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி'யையும் கேட்பார். 2018-ல் வந்த ஆர் 638 விதிப்படி உங்கள் சமையல் இடத்துக்கு டர்பன் நகராட்சியான ஈதெக்வினியிடமிருந்து வாங்க வேண்டியது. அதற்கும் அச்சகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதில் வரும் முகவரியும் லேபிளில் வரும் முகவரியும் ஒன்றாக இருந்தால் கேள்வி வராது. அது கையில் வரும்வரை லேபிளை அடிக்க வேண்டாம் என்பேன்.

தமிழில் பெயர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் இன்னோர் ஆட்சி மொழியிலும். தமிழ் இங்கே ஆட்சி மொழி இல்லை, ஆனால் அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவிலேயே போற்றப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் வந்திருக்கிறது. கூடுதலாகத் தமிழ் போடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. டிசைன் செய்பவருக்கும், ஃபைலைச் சரிபார்ப்பவருக்கும், மெஷின் ஓட்டுபவருக்கும் தமிழ் தெரியாது. எழுத்து உடைந்தாலும் அவர்களுக்கு அது அழகான தமிழ்தான்.

உடைவது எப்படி என்று சொல்கிறேன். 'கொத்தமல்லி' என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். டிசைன்காரர் அதை நகலெடுத்து இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டுகிறார். அந்த மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை இயக்கி வைக்காவிட்டால், 'கொ'வில் 'க'வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளி எழுத்தை விட்டு நகர்ந்து நிற்கும். சில சமயம் துணையெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிப்புள்ளியாய் ஒரு வட்டம் வரும். 'மசாலா'வில் கொம்போ புள்ளியோ இல்லாததால் அது தப்பித்துவிடும், பக்கத்திலேயே 'தொக்கு' உடைந்திருக்கும். டர்பனில் ஒரு கடைத் தட்டில் இப்படி அரைகுறையாக உடைந்த பெயரோடு ஒரு முழு வரிசை நின்றதைப் பார்த்திருக்கிறேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தால் இன்னொரு சிக்கல். அந்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கொட்டும்.

இதற்கு வழி எளிது. தமிழ் தெரிந்த ஒருவர் யூனிகோடில் அடித்து, சரியாக இருப்பதைப் பார்த்து, அந்த எழுத்துக்களை 'அவுட்லைன்' ஆக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றி அனுப்பட்டும். வடிவமான பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. கூடவே சரியான எழுத்தை ஒரு படமாகவும் அனுப்பி, "இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு கோடு மாறினாலும் சொல்லுங்கள்" என்று எழுதிவிடுங்கள். தமிழ் தெரியாதவர்கூடப் படத்தோடு படம் ஒப்பிடுவார். இன்னொன்று, தமிழ் எழுத்துக்களில் சுழியும் வளைவும் அதிகம். ஆங்கிலத்துக்கு ஏழு பாயின்ட் போதும் என்றால் தமிழுக்கு ஒன்பதாவது வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து என்றால் இன்னும் பெரிதாக, கொஞ்சம் தடிமனாக. இல்லாவிட்டால் மை பரவி 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும்.

பார்கோடு விஷயம் சுருக்கமாக. எண்ணை, பார்கோடு எண்களைக் கொடுக்கும் அமைப்பான ஜி.எஸ்.1 சவுத் ஆஃப்ரிகாவிடம் உறுப்பினராகி வாங்குங்கள். இங்கே கொடுக்கும் எண்கள் 600 அல்லது 601-இல் தொடங்கும். இணையத்தில் மலிவாகப் பழைய எண்களை விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய கடைகள் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். மாங்காய் ஊறுகாய்க்கு ஒன்று, எலுமிச்சைக்கு ஒன்று. அதே மாங்காய் 200 கிராம், 400 கிராம் என்று இரண்டு அளவில் வந்தால் அதற்கும் தனித்தனி. அளவைப் பொறுத்தவரை, முழு அளவில் அந்தக் கட்டம் 37.29-க்கு 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகக்கூடாது. இடமும் வலமும் இருக்கிற வெற்றிடமும் பார்கோட்டின் ஒரு பகுதிதான். அங்கே மாவிலை வரைந்தால் கடை மெஷின் படிக்காது. கோடுகளை ஒருபோதும் சிவப்பில் போடாதீர்கள். பல ஸ்கேனர்களில் வருவது சிவப்பு ஒளி, அதற்குச் சிவப்புக் கோடு வெள்ளை மாதிரிதான். வெள்ளையில் கறுப்பு, வேறு யோசனையே வேண்டாம். சின்ன மசாலாக் குப்பியில் ஒட்டுவதானால் கோடுகள் ஏணிப்படி மாதிரி படுக்கையாக வரும்படி திருப்பிப் போடச் சொல்லுங்கள், வளைவில் ஓரம் மறையாது.

கெடு தேதியும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறும், ஆகவே அச்சில் வராது. நீங்கள்தான் முத்திரையோ சின்னத் தெர்மல் மெஷினோ கொண்டு போட வேண்டும். அதற்காக லேபிளில் ஒரு வெள்ளைக் கட்டம் விடச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் வார்னிஷோ லாமினேஷனோ வரக்கூடாது என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். லாமினேஷன்மேல் சாதாரண முத்திரை மை காயவே காயாது. விரல் பட்டால் தேதி போய்விடும், தேதி இல்லாத பாட்டிலை எந்தக் கடையும் எடுக்காது. லாமினேஷனில் கட்டம் விட முடியாது என்று அச்சகம் சொன்னால், தேதியை மூடியிலோ பாட்டில் அடியிலோ போடுங்கள், லேபிளில் 'தேதிக்கு மூடியைப் பார்க்கவும்' என்று எழுதுங்கள். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டால் குழப்பமில்லை.

இப்போது அந்த மூன்று விலைகளுக்குத் திரும்புவோம். லேபிள் அச்சில் இரண்டு வழி. டிஜிட்டலில் ப்ளேட் கிடையாது, ஃபைலை அனுப்பினால் மெஷின் நேராக அடிக்கும். தயாரிப்புச் செலவு குறைவு, ஒவ்வொரு லேபிளுக்கும் விலை கொஞ்சம் கூட. ஃப்ளெக்ஸோ என்பது வளையும் ப்ளேட்டில் மை தடவி அடிக்கும் முறை. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ப்ளேட் செய்ய வேண்டும், முதலிலேயே பெரிய தொகை, அப்புறம் ஆயிரக்கணக்கில் ஓடும்போது ஒன்றின் விலை சரசரவென்று இறங்கும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். டிஜிட்டலில் லேபிள் ஒன்றுக்கு 1.50 ராண்ட். ஃப்ளெக்ஸோவில் 50 சென்ட், ஆனால் ப்ளேட்டுக்கு 3,200 ராண்ட். 3,200 லேபிள் வரை டிஜிட்டல்தான் லாபம், அதைத் தாண்டினால்தான் ஃப்ளெக்ஸோ. உங்கள் ஐந்நூறுக்கு ப்ளேட் செய்வது காசைக் கடலில் போடுவது. அதோடு டிஜிட்டலில் இன்னொரு வசதி, ஒரே அளவு லேபிளில் மாங்காய் இருநூறு, எலுமிச்சை இருநூறு, பூண்டு நூறு என்று கலந்து ஒரே வேலையாக அடித்துத் தரச் சொல்லலாம்.

மூவரையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்புங்கள். அளவு, வெள்ளை பி.பி., பளபளப்பு லாமினேஷன், கண்ணாடிக்கான பெர்மனன்ட் பசை, நாலு நிறம், எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் எத்தனை, கையால் ஒட்டுவது, ரோலாக வேண்டும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் தனித்தனி விலை கேளுங்கள். வாட் வரி சேர்ந்ததா சேராததா என்று கேளுங்கள். பலர் சேர்க்காமல்தான் சொல்வார்கள், 15 சதவீதம் கடைசியில் வந்து நிற்கும். டிசைன் வேலை, புரூஃப் (அடிக்கும் முன் நீங்கள் சரிபார்க்க அனுப்பும் மாதிரி), டெலிவரி எல்லாம் உள்ளடங்கியதா என்பதும் எழுத்தில் வரட்டும். அச்சுத் தொழிலில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பி அதற்கேற்பக் காசு வாங்கும் வழக்கம் உண்டு. ஐந்நூறு கட்டாயம் வேண்டுமென்றால் 'குறையக்கூடாது' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

டிசைன்காரரிடம் ஒரு விஷயத்தை எழுதி வாங்குங்கள். இந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து வரையச் சொன்னீர்கள் என்பதாலேயே லோகோ உங்களுடையது ஆகிவிடாது. அதன் உரிமையை அவர் எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்க வேண்டும். திருத்தக்கூடிய மூல ஃபைலையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், பி.டி.எஃப். மட்டும் போதாது. அடுத்த வருஷம் அச்சகம் மாற்றலாம் என்று நினைக்கும்போது இதன் அருமை தெரியும்.

புரூஃப் வரும்போது கைபேசித் திரையில் பார்த்து 'ஓகே' போடாதீர்கள். வீட்டுப் பிரின்டரில் நூறு சதவீத அளவில் அடித்து, வெட்டி, செலோடேப்பால் பாட்டிலில் ஒட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். நாலடி தள்ளி மேசையில் வைத்துப் பெயர் தெரிகிறதா பாருங்கள். சேர்மானப் பட்டியலைக் கண்ணாடி போட வேண்டிய வயதில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை அதைப் பார்த்தே டயல் செய்யுங்கள், உங்கள் போன் அடிக்கிறதா என்று. தமிழ் எழுத்தைத் தமிழ் படித்தவர் பார்க்கட்டும், சமய வகுப்பு வாத்தியாரானாலும் சரி. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிய வரும் எழுத்துப்பிழைக்கு அச்சகம் பொறுப்பில்லை, எல்லா அச்சகத்தின் நிபந்தனையிலும் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் செலவானாலும், நிஜமான பி.பி.-யிலேயே பத்து லேபிள் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், டிஜிட்டலில் அது முடிகிற காரியம். அவற்றை நிரப்பிய பாட்டிலில் ஒட்டி, ஒன்றில் வேண்டுமென்றே ஊறுகாய் எண்ணெயைத் தடவி இரவு முழுக்க விடுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றை ஜன்னலில். கடைக்காரரிடம் ஒன்றைக் கொடுத்து அவருடைய கவுன்டர் மெஷினிலேயே பார்கோடை அடிக்கச் சொல்லுங்கள்.

பாதி முன்பணம் கேட்பது இங்கே சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வந்த பிறகு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று இன்னொரு மின்னஞ்சல் வந்தால், காசை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எண்ணில் அச்சகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மோசடியில் பெரிய கம்பெனிகளே விழுகின்றன.

நேரக் கணக்கும் முக்கியம். தீபாவளிக்கு முன் மசாலா, பலகாரம் விற்கும் எல்லாரும் ஒரே சமயத்தில் அச்சகத்துக்குப் போவார்கள். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் அவசரம். டிசம்பர் நடுவில் தொழிற்சாலைகள் மூடினால் ஜனவரி ஒரு வாரம் போன பிறகுதான் மெஷின் சத்தம் கேட்கும். தைப்பூசக் காவடிக்கோ ஈஸ்டர் சமயத்து இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கோ புது லேபிளோடு நிற்க வேண்டுமானால், புரூஃப் அக்டோபரிலேயே முடிந்திருக்கட்டும்.

லேபிள் வந்ததும் ரோலை அப்படியே அலமாரிமேல் போடாமல், முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நிறம் ஒரே மாதிரி ஓடியிருக்கிறதா, வெட்டு நேராக இருக்கிறதா, பின்தாளிலிருந்து சுத்தமாக உரிகிறதா. குறை இருந்தால் அந்த வாரமே படத்தோடு எழுதுங்கள், பாதியை ஒட்டிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். மீதி ரோலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அடுப்படி ஆவி படாத இடத்தில், படுக்க வையுங்கள். சமையலறை அலமாரியில் வைத்தால் ஈரத்தில் ஓரம் சுருண்டு, பசை கசிந்து தூசி பிடிக்கும். அச்சகம் கொடுத்த வேலை எண்ணை ரோலின் உள்வட்டத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆர்டருக்கு அந்த எண்ணைச் சொன்னால் அதே தாள், அதே பசை, அதே நிறத்தை எடுத்துவிடுவார்கள். நூறு லேபிள் மிச்சம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.